நிலம் எரிவதில்லை

புதிய வீட்டில் குடியேறும் நாளில் முதலில் பால் காய்ச்சுவது நம் வழக்கம். மனிதர்கள் தங்கத் தொடங்கும் முன்பே நெருப்பு அந்த வீட்டுக்குள் வந்துவிடுகிறது. 2025 சித்திரையில், கோவை வடவள்ளியில் நாங்கள் வாடகைக்கு எடுத்த மூன்றாம் தள வீட்டில், என் துணைவியார் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் அடுப்பின் முன் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் அதை என்னிடம் நீட்டினார். அதற்கு ஆறு வாரங்களுக்கு முன்புதான், பீளமேட்டில் 38 ஆண்டுகள் நாங்கள் வாழ்ந்த வீடு எரிந்திருந்தது.

விபத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல ஏதுமில்லை. உறவினர் வீட்டுத் திருமணத்துக்காகக் கோபிசெட்டிபாளையம் சென்றிருந்தோம். மாடிப்படியின் அடியில் இருந்த இன்வெர்ட்டரில் பற்றிய தீ கூடத்துக்குப் பரவி, அங்கிருந்து என் புத்தக அறைக்குள் நுழைந்தது. அண்டை வீட்டார் தீயணைப்புத் துறையை அழைத்தனர். எவருக்கும் காயமில்லை. மேற்கூரைக் கான்கிரீட் விரிசல் கண்டுவிட்டதால் அந்த வீட்டில் இனிக் குடியிருக்க இயலாது என்று பொறியாளர் கூறிவிட்டார். முனைவர் பட்டத்துக்காக 1980களில் அன்னூர், அவிநாசி வட்டாரங்களில் கிணறு கிணறாகச் சென்று கையால் எழுதிச் சேர்த்த நீர்மட்டக் கணக்கேடுகள் போயின. அவற்றால் இனி யாருக்கும் பயனில்லை என்பது எனக்குத் தெரியும். ஆயினும் இழந்தவற்றில் முதலில் நினைவுக்கு வருவது அவைதாம்.

இடர்ப்பாடும் காப்பீடும் குறித்து 33 ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் நான். வீட்டுக்குக் காப்பீடு இருந்ததா என்று நண்பர்கள் கேட்டபோது தலைகுனிய நேர்ந்தது. 1987இல் வங்கிக் கடனில் வீடு கட்டினேன். கடன் நிலுவையில் இருந்தவரை வங்கியின் கட்டாயத்தால் காப்பீடும் இருந்தது. 2002இல் கடன் தீர்ந்தது, காப்பீடும் அத்துடன் தீர்ந்தது. அதாவது, அந்த வீடு வங்கியின் ஈடாக இருந்தவரை அதற்குப் பாதுகாப்பு இருந்தது. முழுமையாக எனக்குச் சொந்தமான நாளிலிருந்து அது இல்லை. இதைப் பாடமாக நடத்தியிருந்தால் மாணவர்கள் சிரித்திருப்பார்கள்.

என் இழப்பைச் சொல்வது என் நோக்கமன்று. நான் புதிய வீட்டில் மெல்லக் காலூன்றிக்கொண்டிருந்தபோது, 2025 ஜூலையில் திருப்பூர் கல்லூரிச் சாலைப் பகுதியில் நேர்ந்த தீ விபத்துச் செய்தியைப் படித்தேன். தனியார் இடமொன்றில் வரிசையாக அமைத்து வாடகைக்கு விடப்பட்டிருந்த 42 தகரக் கொட்டகை வீடுகள், சமையல் எரிவாயு சிலிண்டர் வெடித்ததில் பற்றியெரிந்து தரைமட்டமாயின. குடியிருந்தவர்களில் பெரும்பாலோர் வேலைக்குச் சென்றிருந்ததால் உயிரிழப்பு இல்லை. உயிரிழப்பு இல்லாத விபத்து நாளிதழில் இரண்டு நாள் நிற்கும். மூன்றாம் நாளில் அந்தக் குடும்பங்கள் எங்கே சமைத்தன என்பது செய்தியாவதில்லை.

அவர்களையும் என்னையும் அருகருகே வைத்துப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

வீடு எரிந்த மறுநாள் நாங்கள் என் தம்பி வீட்டில் இருந்தோம். அடுத்த மாதம் முதல் தேதியன்று ஓய்வூதியம் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. இந்த ஒரு வரியை எழுதும்போதே அதன் கனம் எனக்குப் புரிகிறது. என் வருமானம் என் வீட்டோடு எரியவில்லை. பொருளியலில் சொத்து என்பதையும் வருவாய் என்பதையும் இருப்பு, ஓட்டம் எனப் பிரித்துப் பேசுவோம். எனக்கு இருப்பில் அடி விழுந்தது, ஓட்டம் நிற்கவில்லை. கூலித் தொழிலாளிக்கு இரண்டும் ஒரே நாளில் நின்றுவிடுகின்றன. எரிந்த இடத்தைக் கிளறிப் பார்க்க ஒரு நாள், கிராம நிர்வாக அலுவலர் வரும்வரை காத்திருக்க ஒரு நாள், காவல் நிலையம், வட்டாட்சியர் அலுவலகம், மாற்று வீடு தேடுதல், பிள்ளைகளின் பள்ளி என ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலியைத் தின்கிறது. கணக்குக்காக ஒருவரின் நாட்கூலி 600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பத்து நாள் அலைந்தால் 6,000 ரூபாய்.

இந்த 6,000 ரூபாயை அரசின் நிவாரணத்தோடு ஒப்பிட வேண்டும். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான நெறிமுறையில் புயல், வெள்ளம் போலத் தீயும் ஒரு பேரிடரே. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மைய அரசு வகுத்த நெறிமுறையின்படி, சமவெளியில் முழுமையாகச் சேதமடைந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். மலைப்பகுதியாயின் 1,30,000 ரூபாய். குடிசைக்கு 8,000 ரூபாய். துணிமணி இழப்புக்குக் குடும்பத்துக்கு 2,500 ரூபாய், பாத்திரம் பண்டங்களுக்கு 2,500 ரூபாய். ஆக, வீட்டுக்கு உரிமையில்லாத குடும்பத்துக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது இந்த 5,000 ரூபாய்தான். அதைப் பெறுவதற்காக இழக்கும் கூலியே அதைவிட அதிகம்.

தமிழகத்தில் தீ விபத்து நிவாரணமாகப் பணத்துடன் அரிசியும் வேட்டி சேலையும் மண்ணெண்ணெயும் வழங்கும் மரபு நெடுங்காலமாக இருந்துவந்தது. தீயில் வீடிழந்தவருக்கு மண்ணெண்ணெய் கொடுப்பதன் முரண் எந்த அதிகாரிக்கும் உறுத்தியதாகத் தெரியவில்லை. ஆனால் அந்தப் பட்டியலை வகுத்தவர் ஒன்றை அறிந்திருந்தார். முதல் இரவுக்குத் தேவை உணவும் உடுப்பும் அடுப்பும் என்பதே அது. இரண்டாம் மாதத்துக்கு என்ன தேவை என்று யாரும் பட்டியல் போடவில்லை.

நெறிமுறையில் இன்னொரு வரி இருக்கிறது. சேதமடைந்த வீடு தகுதியுள்ள அதிகாரியால் சான்றளிக்கப்பட்ட, அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்பது அது. நிதி தவறான கைகளுக்குப் போகக் கூடாது என்பதற்காக எழுதப்பட்ட விதி. எனினும், திருப்பூரிலும் கோவையிலும் தோட்டத்து நிலத்தில் எழுப்பப்படும் தகர வரிசைகள் பலவற்றுக்கு எந்த அனுமதியும் இருப்பதில்லை. அனுமதி வாங்காதவர் நில உரிமையாளர். அதனால் நிவாரணத்தில் சிக்கலைச் சந்திப்பவரோ அங்கு வாடகை கொடுத்து வாழ்ந்தவர்.

இந்தத் தகர வரிசைகள் எப்படி உருவாகின்றன என்பதைக் கொங்குப் பகுதியில் வாழும் எவரும் அறிவர். நகரம் நெருங்கி வருகிறது. கிணறு வற்றுகிறது, ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை, வெள்ளாமை நிற்கிறது. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. விற்க மனமில்லாத, அல்லது இன்னும் விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் உரிமையாளர், அதுவரை நிலம் சும்மா கிடக்க வேண்டாமென்று தகரக் கொட்டகை போடுகிறார். ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊரில் வாடகைக்கு ஆள் தேட வேண்டியதில்லை. இது தற்காலிக ஏற்பாடு. ஆகவே செங்கல் சுவர் எழுப்புவதில் பொருளியல் நியாயம் அவருக்கு இல்லை. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையே தகரம் மட்டுமே. இடைவெளி விட்டால் இரண்டு வீடுகள் குறையும். ஒரு வீட்டில் பற்றிய தீ நாற்பது வீடுகளை எடுத்துக்கொள்வதற்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டியதில்லை.

தீக்குப் பிறகு கணக்கைப் பாருங்கள். உரிமையாளர் இழந்தது தகரமும் மரச்சட்டமும் சில மாத வாடகையும். அவருடைய செல்வம் நிலத்தில் இருக்கிறது; நிலம் எரிவதில்லை. குடியிருந்தவரின் செல்வம் முழுவதும் எரியக்கூடியது. துணி, பாய், மிக்ஸி, கைபேசி, சீட்டுப் பணம், அடகு ரசீது, பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் ஒரே தகரத்தின் கீழ் இருந்தன. நம் நிவாரண நெறிமுறையோ கட்டடத்துக்கு அதிகமாகவும் கட்டடத்துக்குள் இருந்தவற்றுக்கு மிகக் குறைவாகவும் மதிப்பிடுகிறது. சொந்த வீடுகள் நிறைந்த கிராமத்தை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட நெறிமுறை அது. வாடகைக் குடியிருப்புகளால் ஆன தொழில் நகரத்துக்கு அது பொருந்தவில்லை.

எரிந்த நிலம் யாருக்கு ஆதாயம் தருகிறது என்ற கேள்வியை ஒரு நாடு நேர்கொண்டு எதிர்கொண்டது. 1961 மே 25ஆம் நாள் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ பகுதியில் ஓலைக் குடிசைகள் எரிந்து ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டுதான் அங்கே வீட்டுவசதி வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டிருந்தது. அரசு எரிந்த நிலத்தைக் கையகப்படுத்தி, ஓராண்டுக்குள் அங்கேயே முதல் அடுக்ககங்களைக் குடியேறத் தயார் செய்தது. குடிசைவாசிகள் இருந்தபோது விலைபோகாத நிலம், தீயால் காலியானதும் விலை உயர்ந்துவிடுகிறது. அந்த உயர்வு உரிமையாளருக்குப் போய்ச் சேரக் கூடாது என்ற எண்ணத்தில் சிங்கப்பூர் தன் நிலக் கையகப்படுத்தல் சட்டத்தைத் திருத்தி, தீயால் காலியான நிலத்தின் விலையைக் கடுமையாக மட்டுப்படுத்தியது. அந்த அரசின் ஏனைய கடுமைகளை நான் பாராட்டுபவனல்லன். எனினும் இந்தக் கேள்வியை எழுப்பும் துணிவு நம் ஊரில் எந்தக் கட்சிக்கும் இதுவரை வந்ததில்லை. கொங்கு மண்டலத்தில் நில உரிமையாளரைப் பகைத்துக்கொண்டு தேர்தலில் நிற்பது எளிதன்று என்பதும் எனக்குத் தெரியும்.

ஹாங்காங்கிலும் இதுவே நடந்தது. 1953 கிறிஸ்துமஸ் இரவில் ஷெக் கிப் மேய் குடிசைப் பகுதி எரிந்து 50,000க்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தனர். அந்நகரின் பொது வீட்டுவசதித் திட்டம் அதிலிருந்தே பிறந்தது. பணக்கார நாடு என்பதால் எல்லாம் விரைந்து நடந்துவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 2017 ஜூனில் இலண்டனில் கிரென்ஃபெல் கோபுரம் எரிந்து 72 பேர் மாண்டபோது, மூன்று வாரங்களுக்குள் அனைவருக்கும் மாற்று வீடு என்று பிரதமர் உறுதியளித்தார். ஓராண்டு கழிந்த பின்னும் பாதிக்கு மேற்பட்ட குடும்பங்கள் நிரந்தர வீட்டில் குடியேறியிருக்கவில்லை.

தமிழகத்துக்கும் இதில் ஒரு வரலாறு உண்டு. 1960களில் சென்னைக் குடிசைப் பகுதிகளில் கோடைதோறும் தீ என்பது வழக்கமான செய்தி. குடிசை மாற்று வாரியம் 1970இல் உருவானதற்கும் அடுத்த ஆண்டு அதற்கெனத் தனிச் சட்டம் வந்ததற்கும் அந்தத் தீயும் ஒரு காரணம். அன்று கொள்கை தெளிவாக இருந்தது. குடிசை இருந்த இடத்திலேயே, அல்லது அருகிலேயே, அடுக்கு வீடு. காலப்போக்கில் நகர நிலத்தின் விலை அந்தக் கொள்கையை வென்றுவிட்டது. 2000க்குப் பிறகு கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு மக்கள் அனுப்பப்பட்டனர். கோவையிலும் உக்கடம், வாலாங்குளம் கரைகளில் வாழ்ந்தவர்கள் கீரணத்தம், மலுமிச்சம்பட்டி, வெள்ளலூர் என்று வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டனர். வாரியத்தின் பெயரும் 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. வாழ்விடம் நல்ல சொல்தான். வாழ்வு ஓரிடத்திலும் வீடு வேறோரிடத்திலும் இருந்தால் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதே என் ஐயம்.

ஏனெனில் வீடு என்பது நான்கு சுவர் மட்டுமன்று. அது ஒரு முகவரி. இதை நான் வடவள்ளியில்தான் முழுமையாகக் கற்றேன். இரவில் எழுந்தால் கை தானாகப் பழைய வீட்டு விளக்குச் சுவிட்ச் இருந்த உயரத்தில் சுவரைத் தடவுகிறது. அரிசி அளக்கும் படியைத் தேடுகிறார் துணைவியார்; அது இல்லை என்று ஒவ்வொரு முறையும் புதிதாக நினைவுக்கு வருகிறது. இவை போகப்போகப் பழகிவிடும். பழகாதது வேறொன்று. எரிவாயு இணைப்பை மாற்றுவதற்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்துக்கு ஆதார் வேண்டும். ஆதாரிலோ எரிந்த வீட்டின் முகவரி. ஓய்வூதியர் என்ற மரியாதையோடு நாற்காலி கொடுத்து உட்காரவைத்த அலுவலகங்களிலேயே எனக்கு இரண்டு மாதங்கள் ஆயின. நாற்காலி கிடைக்காதவருக்கு எத்தனை மாதம் ஆகும் என்று எண்ணிப் பார்க்கிறேன்.

எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, டிஜிலாக்கரில் எடுத்துக்கொள்ளலாமே என்று என் மகன் கேட்டான். அதற்கு ஆதாருடன் இணைந்த கைபேசி எண் செயல்பாட்டில் இருக்க வேண்டும். எண்ணை மீண்டும் பெற அடையாளச் சான்று வேண்டும். வட்டம் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடுகிறது.

இந்த வட்டத்தை உடைப்பது அரசுக்கு இயலாத செயலன்று. 2023 டிசம்பரில் 'மக்களுடன் முதல்வர்' திட்டம் கோவையில்தான் தொடங்கிவைக்கப்பட்டது. பல துறை அலுவலர்கள் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து மனுக்களைப் பெறும் முகாம்கள் அதன்பின் மாநிலமெங்கும் நடந்துள்ளன. அதே மேசைகளை, அதே கணினிகளை, தீ நடந்த மூன்றாம் நாள் அந்த இடத்துக்கு அருகிலுள்ள பள்ளிக்கோ சமுதாயக் கூடத்துக்கோ கொண்டுபோய் வைக்க முடியும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம், மதிப்பெண் பட்டியல் நகலுக்கான விண்ணப்பம், தீயணைப்புத் துறையின் சான்று ஆகியவை ஒரே மாலையில், வேலை நேரம் முடிந்த பிறகு கிடைத்தால், அது 5,000 ரூபாய் நிவாரணத்தைவிட மதிப்புள்ள உதவி. செலவும் மிகக் குறைவு. வேலை நேரம் முடிந்த பிறகு என்பதை அழுத்திச் சொல்கிறேன். நம் முகாம்கள் காலை பத்து மணிக்குத் தொடங்குவதால் பயனடைபவர் யார் என்பதை அங்கு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும்.

காப்பீட்டுக்கு வருகிறேன். கொங்குப் பகுதியில் தீ புதிதன்று. பஞ்சுக் கிடங்கும் நூற்பாலையும் விசைத்தறிக் கூடமும் உள்ள நாட்டில் தீயணைப்பு வண்டியின் மணி ஓயாது. ஆனால் பஞ்சுக் கிடங்கு எரிந்தால் பெரும்பாலும் காப்பீட்டுத் தொகை வந்துவிடும். காரணம் ஆலை முதலாளியின் முன்யோசனை மட்டுமன்று. அந்தப் பஞ்சின் மீது வங்கி கடன் கொடுத்திருக்கிறது. கடன் கொடுத்தவர் தன் ஈட்டைக் காக்கிறார். பஞ்சுப் பொதிக்குக் காவலாக ஒரு வங்கி இருக்கிறது. அந்தப் பஞ்சை நூலாக்கி, நூலைத் துணியாக்கும் தொழிலாளியின் பாத்திரத்துக்கு அப்படி ஒருவரும் இல்லை. என் வீட்டுக் கதையும் இதுவேதான் என்பதை முன்னரே ஒப்புக்கொண்டேன்.

2021 ஏப்ரல் முதல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உத்தரவுப்படி 'பாரத் கிருஹ ரக்‌ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டுக் காப்பீட்டை நிறுவனங்கள் வழங்கி வருகின்றன. நல்ல திட்டம். வாடகைக்கு இருப்பவர் பொருள்களுக்கு மட்டும்கூட அதில் காப்பீடு பெறலாம். வீடு வாழத் தகுதியற்றுப் போனால் மாற்று வீட்டு வாடகைக்கும் அதில் இடமுண்டு. ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்‌ஷா பீமா திட்டத்தை வங்கிகள் ஊர் ஊராகக் கொண்டுசென்றன. அதே முனைப்பு வீட்டுக் காப்பீட்டுக்குக் காட்டப்படவில்லை. 20 ரூபாய்க்கு உயிருக்கு விலை வைக்க முடிந்த நமக்கு, தையல் இயந்திரத்துக்கும் பிள்ளையின் சைக்கிளுக்கும் ஒரு தொகை வைக்க முடியாதா? தனிநபராகச் சென்று வாங்கும் காப்பீடாக இது இருக்கும்வரை தகரக் கொட்டகைக்கு எந்த முகவரும் வரமாட்டார். தொழிலாளர் நல வாரியமோ, ஏற்றுமதியாளர் சங்கங்களோ மொத்தமாக எடுத்தால்தான் பிரீமியம் கட்டுப்படியாகும். கடலுக்கு அப்பாலுள்ள வணிக நிறுவனங்கள் திருப்பூர் ஆலைகளின் தீத்தடுப்பு ஏற்பாடுகளை ஆண்டுதோறும் ஆய்வு செய்கின்றன. தொழிலாளி இரவில் உறங்கும் இடத்துக்கு அந்த ஆய்வாளர் வருவதில்லை.

சிலிண்டர் விபத்துக்கு ஏற்கெனவே ஒரு காப்பீடு இருப்பது பலருக்குத் தெரியாது. எண்ணெய் நிறுவனங்கள் பொதுப் பொறுப்புக் காப்பீடு எடுத்து வைத்துள்ளன. நுகர்வோர் தனியே பிரீமியம் எதுவும் கட்ட வேண்டியதில்லை. உயிரிழப்புக்கு ஒருவருக்கு 6 லட்சம் ரூபாய் வரையிலும், சொத்துச் சேதத்துக்கு ஒரு விபத்துக்கு 2 லட்சம் ரூபாய் வரையிலும் அதில் வழி உண்டு. ஆனால் சொத்துச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவு செய்யப்பட்ட முகவரியில் விபத்து நடந்தால்தான் கிடைக்கும். சொந்த ஊரில் வாங்கிய இணைப்பின் சிலிண்டரைத் திருப்பூருக்குக் கொண்டுவந்து சமைப்பவருக்கும், கடைகளில் கள்ளத்தனமாக நிரப்பித்தரும் சிறு சிலிண்டரை வாங்குபவருக்கும் அது இல்லை. இங்கும் முகவரிதான் குறுக்கே நிற்கிறது. தவிர, ஒரு விபத்துக்கு 2 லட்சம் என்ற வரம்பை 42 குடும்பங்களுக்குப் பிரித்தால் குடும்பத்துக்கு 4,762 ரூபாய் வரும்.

வாடகை குறித்த சட்டத்திலும் ஒரு சொல் சொல்ல வேண்டும். வாடகைக்கு விட்ட கட்டடம் தீயால் முற்றிலும் அழிந்தால், குத்தகையை முடித்துக்கொள்ளும் உரிமை குடியிருந்தவருக்கு உண்டு என்று சொத்து மாற்றுச் சட்டம் 1882இலேயே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தையும் அதன் பதிவையும் கட்டாயமாக்குகிறது. தகர வரிசையில் ஒப்பந்தம் ஏது? முன்பணம் கொடுத்ததற்கு ரசீது ஏது? நோட்டுப் புத்தகத்தில் எழுதியிருந்தாலும் அதுவும் எரிந்திருக்கும். ஆகவே குடியிருந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெறுவது உரிமையாளரின் மனச்சான்றைப் பொறுத்தது. மனச்சான்றுள்ள உரிமையாளர்கள் பலரை நான் அறிவேன். ஆயினும் 42 குடும்பங்களின் அடுத்த மாதத்தை ஒருவரின் மனச்சான்றின் மீது கட்ட முடியாது. கட்டடத்தின் அனுமதியைப் பாராமல், அங்கே வாழ்ந்தவர் யார் என்பதை மட்டும் பார்த்து, மூன்று மாத வாடகைக்கும் புதிய முன்பணத்துக்கும் ஈடான தொகையைக் குடியிருந்தவர் பெயரில் வழங்க ஓர் அரசாணை போதும். சட்டத் திருத்தம்கூடத் தேவையில்லை.

அந்தத் திருப்பூர்த் தீக்கு அடுத்த மாதமே அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீதான வரியை 50 விழுக்காடாக உயர்த்தியது. பின்னலாடை நகரில் ஆணைகள் தள்ளிப்போயின, கூடுதல் நேர வேலை நின்றது. வீட்டை இழந்தவருக்குக் கடன் தேவைப்படும் நேரத்தில் வருமானமும் சுருங்கினால் அவர் யாரிடம் போவார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. கோவையில் வார வட்டிக்குப் பணம் தருபவர்கள் மோட்டார் சைக்கிளில் வாசலுக்கே வருகிறார்கள்.

2030க்குள் குடிசையில்லாத் தமிழ்நாடு என்ற இலக்குடன் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் நடந்துவருகிறது. வீடொன்றுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி, மொத்தம் 8 லட்சம் வீடுகள். 2010இல் 21 லட்சம் குடிசைகளை மாற்ற ஒரு திட்டமும், அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் சூரிய ஒளி வசதியுடன் பசுமை வீடுகள் திட்டமும் வந்தன. மூன்றுமே ஊரகத்தில் சொந்த மனை உள்ளவருக்கானவை. ஊரில் ஒரு கனவு இல்லம் எழுந்துகொண்டிருக்கும்போதே, அதன் உரிமையாளர் அவிநாசி சாலைக்குப் பின்னால் ஒரு தகர அறையில் படுத்திருக்கக்கூடும்.

என் சிறு வயதில், 1966 என்று நினைவு, அன்னூருக்குத் தெற்கே எங்கள் தோட்டத்து ஓலை வீடு எரிந்தது. ஐந்தாம் நாள் புதிய கூரை வேய்ந்தாயிற்று. அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்கள் மூங்கிலும் பனையோலையும் வண்டியில் கொண்டுவந்தனர். மாமன்மார் அண்டா குண்டாவும் ஒரு மூட்டை கம்பும் கொண்டுவந்தனர். என் தாத்தா ஒரு நோட்டில் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார், மொய்க் கணக்கைப் போலவே. ஒரு தலைமுறைக்குள் அத்தனையும் திருப்பிச் செய்யப்பட்டது. எழுத்தில் இல்லாத காப்பீட்டுத் திட்டம் அது. பிரீமியம் கட்டியவருக்கு இழப்பீடு உண்டு. அந்த நாளை ஏக்கத்தோடு நினைப்பவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. அதே ஆண்டோ அடுத்த ஆண்டோ, எங்கள் பண்ணையத்தில் வேலை செய்தவர்களின் சேரியில் மூன்று குடிசைகள் எரிந்தன. தாத்தா இரண்டு வல்லம் சோளம் கொடுத்தனுப்பினார். அதை அவர் நோட்டில் குறிக்கவில்லை. திரும்ப வராது என்று அவருக்குத் தெரியும். அந்த வட்டத்துக்குள் அவர்கள் இல்லை.

2025இல் என் வீடு எரிந்தபோதும் அந்த வட்டம் வேலை செய்தது. வடவள்ளி வீட்டுக்கு முதல் வாரத்திலேயே மூன்று குக்கர்கள் வந்து சேர்ந்தன. துணைவியார் ஒரு நோட்டு வாங்கி எழுதத் தொடங்கினார்.

வீட்டு வேலைக்கு வரும் அம்மையார் ஒருவர் இருக்கிறார். பீளமேட்டில் ஒன்பது ஆண்டுகள் வந்தவர். இப்போது இரண்டு பேருந்து மாறி வாரத்தில் மூன்று நாள் வடவள்ளிக்கு வருகிறார். குடியிருப்பது லைன் வீடு; சுவரும் கூரையும் தகரம். திருப்பூர்ச் செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு வந்த அன்று என்னிடம் கேட்டார்: "ஏனுங்க சார், நாங்கெல்லாம் வாடகைக்கு இருக்கறவங்க. தீப்புடிச்சா எங்க பேரை எழுதிக்குவாங்களா, இல்ல ஊட்டுக்காரர் பேரு மட்டுந்தானுங்களா?" பொருளியலில் முனைவர் பட்டம் பெற்ற எனக்கு, நெறிமுறையைத் தேடிப் படிக்காமல் பதில் சொல்ல முடியவில்லை. படித்த பிறகு சொன்ன பதிலும் அவருக்கு நிறைவு தரவில்லை.

மறுவாரம் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். குடும்ப அட்டை, இரண்டு ஆதார் அட்டைகள், மகளின் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், ஒரு அடகு ரசீது. இங்கேயே இருக்கட்டும் என்றார். எங்கள் வீடே எரிந்துபோனதுதானே என்று துணைவியார் நினைவூட்டினார். "அதுக்கென்னங்க அம்மா, இது தகர ஊடு இல்லீங்களே" என்றார் அவர். இப்போது எங்கள் புதிய பீரோவின் கீழ்த்தட்டில் அவர் லைன் வீட்டுக்காரர்களின் பைகள் நான்கு இருக்கின்றன. போன வாரம் வந்த நான்காவது பையில் ஒரு சிறு சிலிண்டரின் ரசீதும் இருந்தது. அதில் முகவரி எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.